செங்கண்மாரி பரவினால் யார் பொறுப்பு? சாப்பாட்டுக் கடை முதலாளிமார் சிந்திப்பார்களா?

கடை தீப்பற்றினால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. சாமான் ஏற்றி வந்த லொறி பிரண்டாலும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. காசோலை திரும்பி வந்தால் வழக்குப் போடலாம். ஆனால், நமது கடையில் சாப்பிட்டுப் போன நூறு பேருக்கு ஒரு மாதம் கழித்துக் கண் மஞ்சளானால் என்ன செய்வது? ஹோட்டல் நடத்தும் நண்பர்களிடம் இதைக் கேட்டால், "அல்லாஹ் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அல்லாஹ் காப்பாற்றுவான்தான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டி வைக்க வேண்டியது நமது கடமை.

வியாபாரப் பக்கத்தில் நோயைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் நினைக்கலாம். ஹெபடைடிஸ் ஏ என்னும் ஈரல் அழற்சி, அதாவது நாம் செங்கண்மாரி என்று சொல்லும் நோய்களில் ஒரு வகை, ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரிய விடயமல்ல. அது சமையலறையிலும், தண்ணீர்த் தாங்கியிலும், ஐஸ் பெட்டியிலும், கடைக்குப் பின்னால் இருக்கும் மலசலகூடத்திலும் தொடங்கும் விடயம். அவை எல்லாம் நமது பொறுப்பில் உள்ளவை.

ஒரு கம்பனிக்கு நேர்ந்த கதி

ஐக்கிய அமெரிக்காவில் சீ-சீஸ் என்ற பெயரில் மெக்சிக்கோ நாட்டுச் சாப்பாடு விற்கும் ஹோட்டல் கம்பனி ஒன்று இருந்தது. பல மாநிலங்களில் கிளைகள். பென்சில்வேனியா மாநிலத்தில் மொனாகா என்ற ஊரின் ஷொப்பிங் மோலிலும் ஒரு கிளை. 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் வாரத்தில் அங்கே சாப்பிட்டவர்களில் பலருக்கு, அம்மாதக் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் காய்ச்சல், வாந்தி, களைப்பு, பின்னர் கண் மஞ்சள். கணக்கெடுத்துப் பார்த்தபோது நோயாளர் தொகை 600ஐத் தாண்டியது. 120 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள். விசாரணை நடந்த காலத்திலேயே 3 பேர் இறந்துவிட்டார்கள். நோய் தொற்றியிருக்கலாம் என்று அஞ்சிய 9,000க்கும் மேற்பட்டோருக்கு அவசர அவசரமாக எதிர்ப்புச் சக்தி ஊசி போட வேண்டி வந்தது.

முதலில் எல்லோரும் யாரைச் சந்தேகித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சமையலறையில் நின்ற கூலிக்காரர்களைத்தான். ஆனால் முறையாக ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. ஊழியர்களுக்கும் நோய் வந்திருந்தது. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு வந்த அதே நாட்களில்தான் அவர்களுக்கும் வந்தது. அவர்களும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். குற்றவாளி வெங்காயத்தாள். மெக்சிக்கோவில் இருந்து இறக்குமதியான அந்தத் தாள், ஹோட்டலுக்கு வருமுன்னரே கிருமி ஏறி வந்திருந்தது. அதைப் பச்சையாக வெட்டி சல்சா என்னும் சம்பலில் போட்டு, மேசைக்கு மேசை இலவசமாக வைத்திருந்தார்கள். சமைத்த கறியில் போட்டிருந்தால் கிருமி செத்திருக்கும். பச்சையாகப் போட்டதால் ஊரே படுத்தது.

நீதியாகச் சொல்வதென்றால், அந்தக் கம்பனி இந்தச் செய்தி வெளிவருவதற்கு முன்னரே கடனில் மூழ்கி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியிருந்தது. ஆனால் எழுந்து நிற்க இருந்த வாய்ப்பையும் இந்த நோய் கெடுத்துவிட்டது. 2004 செப்டெம்பரில் அமெரிக்காவில் மிஞ்சியிருந்த அதன் ஹோட்டல்கள் மூடப்பட்டன. இடங்களை வேறொரு கம்பனி வாங்கியது. ஒரு கட்டு வெங்காயத்தாளின் விலை என்ன? ஒரு வியாபாரப் பெயரின் விலை என்ன? கணக்குத் தெரிந்தவர்கள் நாம், யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்த நோயின் தந்திரம்

இது மலத்தின் வழியாக வெளியேறி, வாயின் வழியாக உள்ளே போகும் வைரஸ். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லாவிட்டால் பயனில்லை. மலசலகூடம் போனவன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சலாது வெட்டினால் வரும். கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி கசிந்தால் வரும். சுத்தமில்லாத தண்ணீரில் செய்த ஐஸ் கட்டியால் வரும். குளிரில் இந்தக் கிருமி சாகாது. 2013இல் அமெரிக்காவில் உறைய வைத்த பழக் கலவையைச் சாப்பிட்ட 160க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வந்தது. காரணம், துருக்கியில் இருந்து வந்த மாதுளை முத்து. ஆகவே 'ஐஸில் வைத்த சாமான்தானே' என்ற நம்பிக்கை வீண். நன்கு கொதிக்க வைத்தால் சாகும்.

கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாட்கள் வரை ஆகும். சராசரியாக நான்கு கிழமை. வாடிக்கையாளர் நேற்றுச் சாப்பிட்ட கடையைத்தான் திட்டுவார். போன மாதம் சாப்பிட்ட கடை அவர் நினைவில் இராது. இதனால் நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்று சந்தோஷப்பட முடியாது. தவறு எங்கே என்று தெரியாத வரை அது தொடர்ந்து நடக்கும். நூறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, சுகாதாரத் திணைக்களம் ஒவ்வொருவரிடமும் எங்கெங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும்போது, எல்லாப் பட்டியலிலும் ஒரே கடையின் பெயர் வந்து நிற்கும்.

இதைவிட மோசமான தந்திரம் ஒன்று உண்டு. நோயாளியிடம் இருந்து கிருமி அதிகமாக வெளியேறுவது, அவருக்குக் கண் மஞ்சளாவதற்கு முந்திய இரண்டு கிழமைகளில். அதாவது, "உன் கண் மஞ்சளாக இருக்கிறது, வீட்டுக்குப் போ" என்று முதலாளி சொல்லும் நேரத்தில் காரியம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆகவே நோயாளியைக் கண்டுபிடித்து வெளியேற்றுவதால் மட்டும் கடையைக் காப்பாற்ற முடியாது. யாருக்கும் நோய் இல்லாத நாளிலும் எல்லோரும் கை கழுவும் கடைதான் தப்பிக்கும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

இங்கேதான் நம்மில் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். செங்கண்மாரி என்றால் சின்னப் பிள்ளைகளின் நோய் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமி தொற்றினாலும் ஒன்றும் தெரியாது. லேசான காய்ச்சலோடு போய்விடும். பிறகு ஆயுள் முழுவதும் வராது. வயது ஏற ஏறத்தான் ஆபத்தும் ஏறுகிறது. பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாகும். கிழமைக் கணக்கில், சிலவேளை மாதக் கணக்கில் படுக்கை. 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஏற்கெனவே ஈரல் பழுதடைந்தவர்களுக்கும் உயிராபத்துப் பல மடங்கு. ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்களும் இதில் அடக்கம்.

லாச்சிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நமது வயதென்ன? ஐம்பதா, அறுபதா? ஈரலில் கொழுப்பு என்று டொக்டர் சொன்ன எத்தனை பேர் இந்தப் பத்தியை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்? ஆக, கோப்பை தூக்கும் இளைஞன் தப்பினாலும் தப்புவான், முதலாளி தப்புவது கடினம்.

இன்னொரு விடயமும் உண்டு. ஊரில் சுகாதாரம் மோசமாக இருந்த காலத்தில் எல்லோருக்கும் சிறு வயதிலேயே இந்தக் கிருமி தொற்றி, எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீரும் மலசலகூடமும் வந்த பிறகு, பிள்ளைகள் கிருமியைக் காணாமலே வளர்ந்து விடுகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் அப்படி வளர்ந்தவர்கள் இருபது, முப்பது வயதில் ஒரு கடையிலோ, ஒரு கல்யாண வீட்டிலோ கிருமியைச் சந்தித்தால் கொத்தாகப் படுப்பார்கள். படிப்பும் வசதியும் உள்ள கேரளாவில் இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. 2024இல் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூர் என்ற ஊரில் பொதுக் குழாய்த் தண்ணீர் அசுத்தமாகி 200க்கும் மேற்பட்டோருக்குச் செங்கண்மாரி வந்தது. சீனாவின் ஷங்காய் நகரில் 1988இல் அரைகுறையாக வேகவைத்த மட்டியைச் சாப்பிட்டு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் படுத்ததும் உலகம் அறிந்த செய்தி.

மூன்றாவதாக, இடமில்லாதவர்கள். அமெரிக்காவின் சான் டியாகோ பணக்கார நகரம். அங்கே 2016 நவம்பரில் தொடங்கிய நோய், வீதியில் படுத்துறங்கும் மக்களையும் போதைப்பொருள் பாவிப்பவர்களையும் வாரி எடுத்தது. 592 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தார்கள். அங்கே யாரும் கெட்ட சாப்பாடு விற்கவில்லை. அந்த மக்களுக்குப் போவதற்கு மலசலகூடம் இல்லை, கை கழுவத் தண்ணீர் இல்லை. 2017 செப்டெம்பரில் அவசர நிலை அறிவித்த பின்னர்தான் வீதியில் கை கழுவும் தொட்டிகளை வைத்தார்கள், நடைபாதையை மருந்து போட்டுக் கழுவினார்கள். முதலிலேயே செய்திருந்தால் எவ்வளவு செலவு மிச்சமாகியிருக்கும்!

நமது நாட்டுக் கணக்கு

இது வெள்ளைக்காரன் நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2007இல் கம்பளையில் இந்த நோய் பரவியதை அவ்வூர் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபோது வவுனியா முகாம்களில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்த மக்களிடையே இதே ஹெபடைடிஸ் ஏ பரவியது. தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நின்ற அந்த மக்கள் என்ன தவறு செய்தார்கள்? தொண்ணூறில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் கிடந்த நமது மக்களுக்கு, ஒரு மலசலகூடத்துக்குப் பல குடும்பங்கள் காத்திருப்பது என்றால் என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை.

இப்போது நமது கடைத்தெருவைப் பாருங்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமார் காலையில் இருந்து மாலை வரை எங்கே போகிறார்கள்? நடைபாதையில் கடை போட்டிருப்பவர் எங்கே கை கழுவுகிறார்? அவர்கள்தான் பதினொரு மணிக்கு நமது ஹோட்டலுக்கு வந்து தேநீரும் ரொட்டியும் சாப்பிடுகிறார்கள். கடை மாடியில் பத்துப் பேர் படுத்துறங்கி, ஒரே மலசலகூடத்தைப் பாவித்து, கீழே வந்து கொத்துப் போடும் பையன்கள் எத்தனை பேர்? வாடிக்கையாளர் கை கழுவும் பேசினில் வாசனைச் சவர்க்காரம் வைக்கும் நாம், ஊழியர்களின் மலசலகூடத்தில் ஒரு துண்டுச் சவர்க்காரமாவது வைத்திருக்கிறோமா?

சுத்தத்தைப் பற்றிச் சொல்ல நமக்கு யாரும் வரத் தேவையில்லை, ஐந்து வேளை வுழூச் செய்பவர்கள் நாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஆனால் பள்ளியில் கழுவும் கையையும் சமையலறையில் கழுவாமல் விடும் கையையும் கிருமி ஒன்றாகவே பார்க்கும். நமது கல்யாண வீடுகளில் ஒரே சஹனில் ஆறு பேர் கைபோட்டுச் சாப்பிடும் வழக்கம் அழகானது. அந்த அழகு நிலைக்க வேண்டுமானால், ஆறு பேரின் கையும் சவர்க்காரம் கண்டிருக்க வேண்டும். கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஏனத்தில் வடிய விடுவது போதாது.

முதலாளிமாரின் நியாயங்கள்

சங்கக் கூட்டங்களில் நான் கேட்டவை சில. "பீ.எச்.ஐ. வந்தால் தொல்லைதான், வேண்டுமென்றே நமது கடைகளைத் தேடி வருகிறார்கள்" என்பார்கள். அப்படி நடந்த இடமும் இருக்கலாம். ஆனால் அவர் வரும் நாளில் மட்டும் சுத்தமாக இருக்கும் கடை, அவருக்காக நடக்கிறதா, வாடிக்கையாளருக்காக நடக்கிறதா? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நம்மைத் தண்டிக்க மட்டும் வந்ததல்ல. சுத்தமாக நடத்துபவனை, அசுத்தமாக நடத்தி விலை குறைத்து விற்பவனிடம் இருந்து காப்பாற்றுவதும் அதுதான்.

"செலவு கூடிவிட்டது" என்பது அடுத்த நியாயம். 2022இல் கேஸ் இல்லாமல் நாம் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. விறகுக்கும் கேஸுக்கும் கொடுக்கும் காசு தெரியாதவனல்ல நான். ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் செலவை மிச்சம் பிடிப்பது, கடையின் பூட்டை விற்றுக் காசாக்குவது போன்றது.

"நோய் உள்ளவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டால் போதும்" என்பது மூன்றாவது. நான் முழுமையாக எதிர்ப்பது இதைத்தான். நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒருவன், நோய் என்று சொன்னால் சம்பளம் போகும், வேலையும் போகும் என்று தெரிந்தால் சொல்வானா? இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பான். ஈரல் பழுதடைந்த நேரத்தில் டொக்டரைக் கேட்காமல் பனடோல் விழுங்குவதும் ஆபத்து. அவனை மறைக்க வைத்தது அவன் வறுமை மட்டுமல்ல, நமது பயமுறுத்தலும்தான். கண் மஞ்சளான நாளில் இருந்து குறைந்தது ஒரு கிழமைக்கு அவன் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. உடம்பு தேற இன்னும் சில கிழமைகள் ஆகலாம். அந்த நாட்களுக்கு அவனுக்குச் சம்பளம் கொடுத்து வீட்டில் இருத்துவது தர்மம் என்று நினைத்தாலும் சரி, வியாபாரச் செலவு என்று நினைத்தாலும் சரி. ஒருவனின் மூன்று கிழமைச் சம்பளத்தையும், கடை மூன்று கிழமை பூட்டிக் கிடப்பதையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. செங்கண்மாரி வந்து சுகமானவனை, "இவன் நோய்க்காரன்" என்று மீண்டும் சேர்ப்பதில்லை. ஹெபடைடிஸ் ஏ உடம்பில் நிரந்தரமாகத் தங்காது. சுகமானவனுக்கு மறுபடி வராது. அவனிடம் இருந்து மற்றவருக்கும் பரவாது. வெளிநாட்டுக்குப் போக எடுக்கும் மெடிக்கலில் தேடுவது பி, சி வகைகளை. அவை இரத்தத்தோடு சம்பந்தப்பட்ட வேறு நோய்கள். இதைப் பொறுத்தவரை, ஹெபடைடிஸ் ஏ வந்து சுகமானவன்தான் உங்கள் சமையலறையில் பயமில்லாமல் நிற்கக் கூடியவன். அவனைத் துரத்துவது அறியாமை.

செய்யக் கூடியவை

நான் சொல்லப் போவதில் பெரிய முதலீடு எதுவும் இல்லை.

ஒன்று: ஊழியர் மலசலகூடத்தில் ஓடும் தண்ணீர், சவர்க்காரம், வெளிச்சம். மலசலகூடம் போய் வந்தால் ஒரு முறை, சமையலறைக்குள் நுழையும்போது மறு முறை, ஆக இரண்டு தடவை கை கழுவ வேண்டும் என்று கண்டிப்பு. 2020இல் கொரோனாவுக்காக வாசலில் வைத்த கை மருந்துப் போத்தலை நம்ப வேண்டாம். இந்தக் கிருமிக்கு அது சரிவர வேலை செய்யாது. சவர்க்காரமும் தண்ணீரும்தான்.

இரண்டு: பச்சையாகப் பரிமாறும் சாமான்களில் கவனம். சலாது, சம்பல், சர்பத், பழச்சாறு, ஐஸ். இவற்றைத் தொடும் கை வேறு, காசு வாங்கும் கை வேறாக இருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரும் ஐஸ் செய்யும் தண்ணீரும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். ஐஸை வெளியில் வாங்கினால், எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் கிளாஸுக்குள் வரக் கூடாது.

மூன்று: கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைவெளி. மழைக்காலத்தில், வெள்ளம் வடிந்த பின்னர், கிணற்றுக்குக் குளோரின் போடாமல் பாவிக்க வேண்டாம். பவுசரில் தண்ணீர் எடுப்பவர்கள் தாங்கியையும் கழுவ வேண்டும்.

நான்கு: தடுப்பூசி. ஹெபடைடிஸ் ஏக்கு நல்ல ஊசி இருக்கிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடுவது வழக்கம். முதல் ஊசியிலேயே ஒரு மாதத்துக்குள் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடும். நோயாளியோடு பழகியவருக்கு இரண்டு கிழமைக்குள் போட்டாலும் பயன் உண்டு. நமது அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் ஊசிகளில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். சமையல்காரருக்கும் பரிமாறுபவருக்கும் முதலாளி போட்டுக்கொடுக்கட்டும். நாற்பது வயதைத் தாண்டிய, ஈரல் வருத்தம் உள்ள முதலாளி தனக்கும் தேவையா என்று டொக்டரிடம் கேட்கட்டும்.

ஐந்து: நமது வர்த்தகச் சங்கங்கள். இப்தார், பரிசளிப்பு, அரசியல்வாதிக்குப் பொன்னாடை எல்லாம் செய்கிறோம். ஒவ்வொரு கடைத்தெருவிலும் கூலியாட்களுக்கும் நடைபாதை வியாபாரிகளுக்கும் தண்ணீர் உள்ள ஒரு மலசலகூடத்தைக் கட்டி, அதைக் கழுவ ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன? கட்டும்போது திறப்பு விழா வைத்து, மூன்று மாதத்தில் பூட்டுப் போடும் வேலையாக அது இருக்கக் கூடாது. நகர சபையிடம் இடம் கேட்போம், செலவை நாம் பகிர்ந்துகொள்வோம். அதோடு, சின்னக் கடைகளில் நோயுற்ற ஊழியருக்கு அரைச் சம்பளமாவது கொடுக்க ஒரு பொது நிதியும் வேண்டும். மாதம் ஒரு சிறு தொகையை ஒவ்வொரு கடையும் போட்டால் போதும்.

ஒரு கடையில் நோய் வந்தால் அந்தக் கடையோடு நிற்பதில்லை. "அந்த ஊர் ஹோட்டல்களில் சாப்பிடாதே" என்று பேச்சு வந்துவிட்டால், சுத்தமாக நடத்தும் பத்துக் கடைகளும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே பக்கத்துக் கடைக்காரன் எப்படி நடத்தினால் எனக்கென்ன என்று இந்த விடயத்தில் சொல்ல முடியாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் வேறு எதைப் பேசுவதற்கு முன்னரும், நமது கடைத்தெருவில் கூலியாள் ஒருவர் கை கழுவ எங்கே போகிறார் என்ற கேள்வியை யாராவது ஒருவர் எழுப்புங்கள். பதில் இல்லையென்றால், வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.